வெம்பி உட்காரும் 15 நிமிடம்

சேந் ஆந்த்ரேயிலோ சேந் பெனுவாவிலோ மாலை நேரத்தில் ஏதாவது ஒரு பிளாத்தோ நுவார் ஓரமாக நடந்தால், கறுப்புச் சட்டையில் 1 என்ற எண் கண்ணில் படாமல் போகாது. ரீயூனியனுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: பிளாத்தோ நுவார் என்பது தார் போட்ட திறந்தவெளித் தளம். கூடைப்பந்துக் கோடு, ஹேண்ட்பால் கோடு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்து, எது எதன் கோடு என்று ஆடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும் இடம். அந்த 1, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் அணியின் விக்டர் வெம்பன்யாமாவுடையது. 2025 அக்டோபரில் வயது 21. உயரம் ஏட்டுக் கணக்கில் 7 அடி 4 அங்குலம். இரு கையையும் விரித்தால் 8 அடி.

உலகம் அவரைச் சுருக்கி 'வெம்பி' என்கிறது. தமிழ்க் காதுக்கு இது நல்ல சகுனமில்லை. முற்றாமலே சூட்டில் பழுத்துவிட்ட மாங்காயைத்தான் நாம் வெம்பல் என்போம். மேலே மஞ்சள், கடித்தால் புளிப்பு. ஸ்பர்ஸ் இரண்டு பருவமாக அந்த ஆபத்தை ஒட்டியேதான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாச் சுமையையும் ஒரே ஆளின் தோளில் ஏற்றினார்கள். 2025 பிப்ரவரியில் அந்தத் தோளிலேயே இரத்தம் உறைந்தது. வலது தோள், ஆழ்நாள இரத்த உறைவு, பருவம் முடிந்தது என்று பிப்ரவரி 20-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. எட்டே நாளில் கரான்ஸ் சூறாவளி தீவை அடித்துப் போட்டது. இந்த ஊர் ஸ்பர்ஸ் ரசிகர்களிடம் அந்த மாதத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பதே மரியாதை.

இது 2025 அக்டோபர். பருவம் தொடங்க நாட்கள்தான் இருக்கின்றன. "இந்த வருஷம் பாருங்க" என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. 2025 வரையான கணக்கில் ஸ்பர்ஸ் கடைசியாக பிளேஆஃப் (பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) ஆடியது 2019-இல். அந்த ஆண்டோடு சேர்த்து 22 பருவம் தொடர்ந்து பிளேஆஃபைத் தவறவிடாத அணி அது. 2023-24-இல் 22 வெற்றி, 60 தோல்வி. 2024-25-இல் 34 வெற்றி, 48 தோல்வி. ஆகவே அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இந்த முறை நம்பலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. 48 நிமிட ஆட்டத்தில் வெம்பி களத்தில் இருக்கும் 33 நிமிடத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. அந்த நிமிடங்களில் ஸ்பர்ஸ் ஏற்கெனவே மோசமான அணி இல்லை. அவர் வெளியே உட்காரும் 15 நிமிடத்தில்தான் வீட்டில் ஓட்டை இருந்தது. கோடையில் அதை அடைத்திருக்கிறார்கள்.

முதலில் சொற்களைத் தீர்த்துவிடுவோம். முன்களம் என்று இங்கே எழுதுவது வளையத்தை ஒட்டி உழைக்கும் மூன்று இடங்களை. சென்னையில் சென்டர், பவர் ஃபார்வர்ட், ஸ்மால் ஃபார்வர்ட் என்பார்கள். நம் தீவில் பிவோ, எலியே ஃபோர், எலியே. வளையத்தடியில் வண்ணம் பூசிய செவ்வகம் இங்கே ராக்கெத். அந்தக் கட்டம் டென்னிஸ் மட்டை போல இருந்த காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. என்பிஏ-வில் அதன் அகலம் 16 அடி, ஏறத்தாழ 4.9 மீட்டர். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 16 அடிக்குள் நடக்கும் சண்டையைப் பற்றியதுதான்.

2023-இல் வெம்பி வந்து இறங்கியபோது பயிற்சியாளர் கிரெக் போப்பவிச் அவரை எலியே ஃபோரில் நிறுத்தினார். பிவோ வேலை சாக் காலின்ஸுக்கு. பந்தைக் கொண்டுவரும் வேலையை 6 அடி 8 அங்குல ஜெரமி சோஹானிடம் கொடுத்தார்கள். விளைவு: 18 ஆட்டம் தொடர் தோல்வி, அணியின் வரலாற்றிலேயே மோசமானது. டிசம்பர் தொடக்கத்தில் வெம்பியை பிவோவுக்கு மாற்றினார்கள். அவர் மலர ஆரம்பித்தார். அந்த அனுபவத்திலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம் "வெம்பியோடு இன்னொரு நெட்டையரை நிறுத்தாதே" என்பது. தவறான பாடம். அன்று தோற்றதற்குக் காரணம் இரண்டு நெட்டையர் நின்றது அல்ல. ஸ்கிரீனுக்கு (காவலனின் வழியில் சக ஆட்டக்காரர் உடம்பால் போடும் தடுப்பு) பின்னால் நேரம் பார்த்துப் பந்தை உள்ளே போடத் தெரிந்த மெனர் ஒருவர்கூடத் தொடக்க ஐவரில் இல்லை. மெனர் என்றால் ஆட்டத்தை நடத்தும் கார்ட். நெட்டையர் எத்தனை பேர் நின்றாலும் பந்து வந்து சேராவிட்டால் அவர்கள் கம்பங்கள்தான். அது போக, அளவு பிசகியிருந்தது. இரண்டு நெட்டையர் ஆட்டம் என்பது கறியில் போடும் பிமானை, அதாவது மிளகாயைப் போல. அன்று கைப்பிடி அள்ளிப் போட்டார்கள்.

இன்று பந்து கொண்டுவர டி'ஆரன் ஃபாக்ஸ், சென்ற பருவத்தின் சிறந்த புதுமுகம் ஸ்டெஃபான் கேசில், 2025 தேர்வில் (அணிகள் புதுமுகங்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்ட்) 2-ஆம் இடத்தில் எடுத்த டிலன் ஹார்ப்பர் என்று மூவர். ஃபாக்ஸுக்காக 2025 பிப்ரவரியில் செய்த பேரத்தில்தான் காலின்ஸ் சிகாகோவுக்குப் போனார். அதற்குப் பிறகு வெம்பியும் படுத்துவிட, ஸ்பர்ஸின் முன்களம் வெறும் வாசலாகிவிட்டது. பிஸ்மாக் பியோம்போவைப் பருவத்தின் நடுவில் கூட்டிவந்து தொடக்க பிவோவாக நிறுத்தினார்கள். சாண்ட்ரோ மமுகெலஷ்விலி மார்ச்சில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 19 நிமிடத்தில் 34 புள்ளி அடித்தது ஒரே ஒரு ஆறுதல்; கோடையில் அவரும் டொராண்டோவுக்குப் போய்விட்டார்.

வந்தவர்களைப் பார்ப்போம்.

லூக் கோர்னெட். வயது 30, உயரம் 7 அடிக்கு மேல், பாஸ்டன் செல்டிக்ஸின் 2024 கோப்பையில் பங்குள்ளவர். 4 ஆண்டுக்குச் சுமார் 4.1 கோடி டாலர். பெயரைக் கேட்டதும் பலர் உதடு பிதுக்கினார்கள். சென்ற பருவம் சராசரி 6 புள்ளி, 5 ரீபவுண்ட் (தவறிய எறியைப் பிடிப்பது) எடுத்த ஆளுக்கு நான்கு வருஷமா என்று. ஆனால் அவர் ஆட்டத்துக்கு 19 நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆடினார் என்பதையும், எறிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போனது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் எடுத்த ரீபவுண்டுகளில் கிட்டத்தட்டப் பாதி எதிரணி வளையத்தடியில் எடுத்தவை. அதாவது, தவறிய எறியை இன்னொரு வாய்ப்பாக மாற்றுபவை.

கோர்னெட்டின் மதிப்பு ஸ்கோர் அட்டையில் இல்லாத வேலைகளில் இருக்கிறது. ஒரு தற்காப்பை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். எதிரணி கார்ட் ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு வருகிறான். நம் கார்ட் ஸ்கிரீனுக்கு மேல்பக்கமாக உரசி, அவன் முதுகைத் துரத்துகிறான். கோர்னெட் ஸ்கிரீன் அருகே ஏறி வருவதில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஓர் அடி கீழே, முழங்கால் மடித்து, பந்தைப் பார்த்த கை தாழ, மற்றக் கை மேலே தூக்கி நிற்கிறார். தாழ்ந்த கை தரைப் பாஸுக்கு, தூக்கிய கை வளையத்துக்கு மேல் தூக்கிப் போடும் பாஸுக்கு. அப்படியே பின்னோக்கி நடக்கிறார். முதுகைத் திருப்பவே மாட்டார். கார்ட் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு வருவதை நிறுத்தி இரு கையால் பந்தைப் பிடிக்கும் வரை குதிக்கவும் மாட்டார். பிடித்த பிறகு நேர் மேலே, கைகளைச் செங்குத்தாக வைத்துக் குதிக்கிறார். நேராக மேலே போனவன் மேல் தாக்குபவன் வந்து மோதினாலும் ஃபவுல் தற்காப்பாளனுக்கு இல்லை.

சொல்ல எளிது. பெரும்பாலான இளம் பிவோக்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, அரை அடி முன்னே ஏறிவிடுவது. உடனே தலைக்கு மேல் பந்து பறந்து பின்னால் ஓடும் ஆளிடம் டங்க் ஆகிறது. இன்னொன்று, வளையத்தடியிலேயே பதுங்கிவிடுவது. கார்ட் நிதானமாக 15 அடியில் நின்று எறிகிறான். கோர்னெட் வேகமாக ஓடுபவர் அல்ல, உயரக் குதிப்பவரும் அல்ல. அந்த அரை அடிக் கணக்கு தெரிந்தவர். அவ்வளவுதான், அதற்குத்தான் அந்தப் பணம்.

அவருடைய இன்னொரு வித்தை பார்க்கச் சிரிப்பாக இருக்கும். வெளியே ஒருவன் மூன்று புள்ளிக்குக் குறிபார்க்கிறான். கோர்னெட் ஓடிப்போய் மறைக்க நேரமில்லை. ராக்கெத்துக்குள் நின்ற இடத்திலேயே இரு கையையும் தூக்கி நேராகக் குதிப்பார். பந்தைத் தொட வாய்ப்பே கிடையாது. எறிபவன் கண்ணுக்கு ஒரு கணம் வளையம் மறையும். பாஸ்டன் ரசிகர்கள் இதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பிளாத்தோ நுவாரில் இதைக் காப்பியடிக்கும் பையன்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: குதித்தவன் இறங்கியதும் ரீபவுண்டுக்கு ஆளைத் தடுத்து நிற்க வேண்டும். குதித்துவிட்டு வேடிக்கை பார்த்தால் இரண்டும் கெட்டது.

தாக்குதலில் அவர் செய்வது கூலி வேலை. கால்களைத் தோள் அகலத்துக்கு ஊன்றி, அசையாமல் நின்று ஸ்கிரீன் கொடுப்பது. இடுப்பு ஓர் அங்குலம் நகர்ந்தாலும் நடுவர் விசில். பிறகு உள்ளே ஓடி, தன்னைக் காவல் காப்பவனை முதுகால் அடைத்துப் பிடித்துக்கொள்வது. பந்தோடு வரும் ஃபாக்ஸுக்கோ கேசிலுக்கோ பாதை திறந்து கிடக்கும். கேசிலின் மூன்று புள்ளி எறி சென்ற பருவம் 30 சதவீதத்துக்கும் கீழே. அவர்மேல் ஏறி நின்று காக்க யாரும் வரப்போவதில்லை. அப்படிப்பட்ட கார்டுக்கு உள்ளே வழி போட்டுக் கொடுக்கும் பிவோ, வெளியே நின்று எறியும் பிவோவைவிட உபயோகம். இத்தனை நாள் இந்த இடிபாட்டை வெம்பியின் மெல்லிய உடம்பு வாங்கிக்கொண்டிருந்தது. அல்லது வாங்க விரும்பாமல் வெளியே நழுவிக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 9 மூன்று புள்ளி எறிகள் எறிந்தார் மனிதர். சந்தேகமில்லாமல் அதிகம்.

கெல்லி ஒலினிக் வேறு ரகம். கனடாக்காரர், 34 வயது, வாஷிங்டனிலிருந்து வந்தவர். விலையாகப் போனது மலகாய் பிரானம், பிளேக் வெஸ்லி, ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு. களத்தில் அதிகம் இடம் கிடைக்காமல் இருந்த இரண்டு கார்டுகளைக் கொடுத்து, ராக்கெத்தின் மேல்மூலையில் நின்று பந்தைப் பகிரத் தெரிந்த ஒரு நெட்டையரை வாங்கியது நல்ல பேரம். 2014-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு உடனே போரிஸ் தியோ முகம் தெரியும். மயாமிக்கு எதிரான இறுதிச் சுற்றின் 3-ஆம் ஆட்டத்தில் போப்பவிச் தியாகோ ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு தியோவைத் தொடக்க ஐவரில் போட்டார். அதற்குப் பிறகு பந்து தரையைத் தொடாமல் சுற்றியது, கோப்பை வந்தது. ஒலினிக் தியோ அல்ல. ஆனால் வேலை அதே வேலை: எறிவதுபோல் பந்தைத் தூக்கி, காவலனைக் குதிக்கவைத்து, ஓர் அடி உள்ளே போய், மூலையில் நிற்பவனுக்குக் கொடுப்பது. அவரைத் தனி பிவோவாக நீண்ட நேரம் விட்டால் மட்டும் வளையத்தடி திறந்த வீடாகிவிடும்.

ஹாரிசன் பார்ன்ஸ் புதியவர் அல்ல, 2024 கோடையிலேயே வந்தார். ஆனாலும் புதுக் கூட்டுக்கு அவர்தான் ஆணி. சென்ற பருவம் 82 ஆட்டமும் ஆடினார். மூன்று புள்ளியில் 43 சதவீதம். மூலையில் நின்றால் காவலன் அவரை விட்டு நகரவே முடியாது. அந்த ஒரு காவலன் நகராததால்தான் உள்ளே இரண்டு நெட்டையருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. குறை, ரீபவுண்ட்: ஆட்டத்துக்கு 4-க்கும் கீழே. எலியே ஃபோருக்கு இது மிகக் குறைவு.

சோஹானைப் பற்றி இரண்டு வரி போதும். யாரையும் காப்பார், குறுக்கே வெட்டி ஓடுவார், எறி மட்டும் வராது. எறி வராத கேசிலோடும் கோர்னெட்டோடும் சேர்த்து அவரை நிறுத்தினால் களம் திருவிழாக் கூட்டம். 14-ஆம் இடத்தில் எடுத்த கார்ட்டர் பிரையன்ட் இன்னும் பிஞ்சு. தற்காப்புக் கால்கள் இருக்கின்றன, அவசரப்படுத்த வேண்டாம்.

இனி நிமிடக் கணக்கு. பிவோ இடத்துக்கு 48 நிமிடம், எலியே ஃபோருக்கு 48 நிமிடம், மொத்தம் 96. தலைமைப் பயிற்சியாளர் மிட்ச் ஜான்சன் எப்படிப் பங்கு போடுவார் என்பது அவர் கையில். நியாயமான பங்கு இது: வெம்பிக்கு 33 நிமிடம், அதில் 27 தனி பிவோவாக, 6 கோர்னெட் பக்கத்தில். கோர்னெட்டுக்கு அந்த 6-உம், வெம்பி இல்லாத 13-உம், ஆக 19. பாஸ்டனில் ஆடிய அதே அளவு, மூச்சு வாங்காது. பிவோவில் மீதி 2 நிமிடம் ஒலினிக். எலியே ஃபோரில் வெம்பியின் 6 போக, பார்ன்ஸ் 20, சோஹான் 12, ஒலினிக் 8, பிரையன்ட் 2. பார்ன்ஸுக்கு மேற்கொண்டு எலியேவிலும் நேரம் உண்டு. இந்தக் கணக்கில் வளையத்தடியில் ஒரு நல்ல காவல்காரர் இல்லாத நேரம் 48-இல் வெறும் 2 நிமிடம். சென்ற பருவம் வெம்பி உட்கார்ந்த ஒவ்வொரு நிமிடமும் அப்படித்தான் இருந்தது.

இது ரசிகனின் கனவு என்பவர்கள் ஓக்லஹோமா சிட்டியைப் பார்க்கட்டும். 2023-24-இல் அங்கே செட் ஹோம்கிரன் தனி பிவோ. அவரும் ஒல்லி, அவரும் உயரம். பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் டாலஸின் கேஃபர்டும் லைவ்லியும் ரீபவுண்டில் தின்றுவிட்டார்கள். அந்தக் கோடையே ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனை 3 ஆண்டுக்கு 8.7 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஹோம்கிரன் நவம்பரில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோதும் அணி சாயவில்லை. அவர் திரும்பிய பிறகு இருவரையும் சேர்த்தும் பிரித்தும் ஆடினார்கள். 68 வெற்றி, 2025 கோப்பை. கோர்னெட் ஹார்ட்டன்ஸ்டைன் அளவுக்குப் பந்து பகிர்பவர் அல்ல, ஆண்டுக் கூலியும் அவருடையதில் பாதிகூட இல்லை. ஆனால் மருந்துச் சீட்டு அதேதான்.

சிலர் டிம் டங்கன், டேவிட் ராபின்சன் இரட்டைக் கோபுரத்தை இழுக்கிறார்கள். 1999-லும் 2003-லும் கோப்பை வென்ற கூட்டு. ஸ்பர்ஸ் ரசிகனுக்கு அது குலதெய்வம் மாதிரி. ஆனால் 1999-இல் சட்டமே வேறு. ஆளை விட்டு இடத்தைக் காக்கும் தற்காப்புக்கு அன்று தடை. 2001-02-இல்தான் அந்தத் தடை நீங்கி, அதற்குப் பதிலாகத் தற்காப்பு மூன்று விநாடி விதி வந்தது. கையெட்டும் தூரத்தில் யாரையும் காக்காமல் ராக்கெத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும். வெம்பியின் கோர்னெட் பக்கத்து 6 நிமிடம் இந்த விதியைச் சுற்றித்தான் கட்டப்படும்.

எப்படி? எதிரணியின் உண்மையான பிவோவை, நிகோலா யோகிச்சோ ஸுபாட்ஸோ ஸ்டீவன் ஆடம்ஸோ, கோர்னெட் தோள் கொடுத்துக் காக்கிறார். எதிரணியில் எறியத் தெரியாதவன் யாரோ அவனை வெம்பியிடம் 'ஒப்படைக்கிறார்கள்'. அவன் மூலையில் நிற்பான். வெம்பி அவனைக் காப்பதுபோல் ஒரு கால் வெளியே, ஒரு கால் ராக்கெத்துக்குள். இரண்டரை விநாடி உள்ளே, பிறகு இரு காலையும் முழுக்க வெளியே எடுத்து மறுபடி உள்ளே. பந்தோடு உள்ளே வருபவனுக்கு முன்னால் கோர்னெட், பக்கவாட்டில் 8 அடிக் கை. யோகிச்சோடு முட்டி மோதி வெம்பிக்கு மூன்றாவது ஃபவுல் விழும் இரவுகள் இதனால் குறையும்.

பிழை எங்கே வரும் என்பதும் தெரிந்ததுதான். எதிரணி ஐந்து எறியாளர்களை இறக்கினால் ஒப்படைக்க ஆள் இல்லை. வெம்பி வெளியே இழுபட, கோர்னெட் தனியாக மாட்டிக்கொள்வார். அந்த நிமிடமே ஒருவரை எடுத்துவிட வேண்டும், அடுத்த டைம்அவுட் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டாவது, இருவரும் எதிரணி வளையத்தடியில் ரீபவுண்டுக்கு முண்டினால் திரும்பி ஓட ஆளில்லை. கோர்னெட் மட்டும் முண்ட வேண்டும், பந்து தவறிய கணமே வெம்பி பாதிக் களத்தைத் தாண்டி ஓட வேண்டும். கோர்னெட் கைக்கு எட்டாத பந்தைப் பிடிக்கப் பார்க்காமல் வெளியே நிற்கும் தன் அணிக்காரரிடம் தட்டிவிடுவார். எறிவதற்கான நேரத்தை எண்ணும் ஷாட் கிளாக் 14 விநாடியிலிருந்து மறுபடி ஓடும், அது போதும். மூன்றாவது பயம் கொஞ்சம் உள்ளூர உறுத்துவது: உள்ளே கோர்னெட் இருக்கிறாரே என்று வெம்பி இன்னும் வெளியே நகர்ந்து இன்னும் அதிகமாக மூன்று புள்ளி எறியலாம். அப்படி நடந்தால் இந்த ஏற்பாட்டின் பாதி வீண்.

அதற்கு மாற்று, உயர்ந்தவருக்கு உயர்ந்தவர் போடும் பாஸ். கூடைப்பந்தில் மிகப் பழைய ஆட்டம், நம் தளங்களில் எந்த இரண்டு நெட்டைப் பையன்களும் பழகலாம். ஒருவன் ஃப்ரீ த்ரோ கோட்டின் மூலையில். இன்னொருவன் எதிர்ப்பக்கம் வளையத்தடிக்கு ஓர் எட்டு வெளியே, காவலனை முதுகால் அடைத்து, தூரக் கையைத் தூக்கி. மூலைக்காரன் பந்தை வாங்கியதும் வளையத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அவன் காவலன் பின்னால் விலகிப் பாதையை அடைத்துவிடுவான். ஒன்று எண்ணும் நேரம் பார்த்து, இரண்டாவது எண்ணில் பாஸ். முன்னால் நின்று காத்தால் தலைக்கு மேல், பலகையின் ஓரத்தைக் குறிவைத்து. பின்னால் நின்று காத்தால் மார்பளவில் நேராக. தரையில் தட்டிக் கொடுக்காதீர்கள். கூட்டத்தில் முழங்கால்கள் அதிகம். பக்கத்துக்கு 20 முறை, இடம் மாற்றி 20. கிழக்குப் பக்கம் மழை விட்டவுடன் பழகுவதானால் தளம் காய்ந்ததா என்று உள்ளங்காலால் தேய்த்துப் பாருங்கள். அடைத்து நிற்பவனின் ஊன்றிய கால் வழுக்கினால் முழங்கால் போய்விடும்.

இன்னொன்று. நம் தீவின் லீக், சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதியில் ஆடுவது. அதில் தற்காப்பு மூன்று விநாடி கிடையாது. நெட்டையர் ராக்கெத்துக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், வளையத்துக்கு மேலே இருந்தாலும் கைவைத்துத் தட்டிவிடலாம். என்பிஏ-வில் அது விதிமீறல். ஞாயிறு காலை இங்கே பார்த்த பழக்கத்தில் என்பிஏ பார்க்கும் நம்மவர்கள் "ஏன் வெம்பி உள்ளேயே நிற்க மாட்டேன் என்கிறான்" என்று கத்துவதற்கு இதுதான் காரணம்.

உடல்நிலை? ஜூலையில் மருத்துவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே சீனாவின் ஷாவோலின் மடத்துக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு பயிற்சி எடுத்தார். உலகப் பத்திரிகைகள் அதிசயித்தன. நோய் தீர்ந்தால் முடி கொடுக்கும் ஊர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. பிறகு ஹக்கீம் ஒலாஜுவானிடம் வளையத்தடிக் காலடிகள் கற்றார் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. வெளியே நின்று எறியும் ஆசை குறைய அது மருந்து. 65 ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடினால்தான் சிறந்த தற்காப்பாளர் விருதுக்குப் பெயர் சேரும். சென்ற பருவம் 46-இல் நின்றது. கோர்னெட் இருப்பதால் அடுத்தடுத்த இரவு ஆட்டங்களில் ஒன்றில் வெம்பியை நிம்மதியாக உட்காரவைக்கலாம் என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

பார்க்கிற நேரத்தில் இந்த ஊருக்கு ஓர் அதிர்ஷ்டம். சான் அந்தோனியோவில் மாலை 7 மணி என்றால் நமக்கு அதிகாலை 4. நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்கா கடிகாரத்தைத் திருப்பியதும் அது 5 ஆகிவிடும். நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. பாரிஸ்காரன் அதே ஆட்டத்துக்கு நடுராத்திரி 2 மணிக்குக் கண்ணைக் கசக்குவான். நாம் காப்பியோடு உட்கார்ந்து, இரண்டு பொன்போன் பிமான் (மிளகாய் போட்ட வடை) கடித்து, முடிந்ததும் வேலைக்குப் போகலாம்.

முதல் ஆட்டம் டாலஸில். தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், 23-ஆம் தேதி வியாழன் விடியலில் நமக்குத் தெரியும். ஆண்டனி டேவிஸ், லைவ்லி, கேஃபர்ட், முதல் தேர்வு கூப்பர் ஃப்ளாக் என்று அங்கே நெட்டையருக்குப் பஞ்சமே இல்லை. சோதிக்க இதைவிடக் கடினமான வாசல் கிடையாது. ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெம்பி வெளியே போகும்போது ஸ்கோர், திரும்பி வரும்போது ஸ்கோர். ஆட்டத்துக்கு மூன்று நான்கு முறை எழுத வேண்டியிருக்கும். ஒரே ஆட்டத்தில் முடிவு கட்டாதீர்கள். 10 ஆட்டத்துக்கு எழுதுங்கள். அந்த 15 நிமிடத்தில் ஸ்பர்ஸ் ஆட்டத்துக்கு 2 புள்ளிக்கு மேல் இழக்காமல் இருந்தால், பிளேஆஃப் வரும் ஏப்ரல் மாதத்தில் அதிகாலை அலாரத்தை யாரும் அணைத்துவிட வேண்டியிருக்காது.